அந்தப் பதினோரு பேரில் இல்லாதவர்கள்

அன்புள்ள மக்களே அஜின்,

நலமா? இங்கே நானும் அப்பாவும் நலம். போன வாரம் போனில் கேட்டாயே, "இங்கே சட்டையிலும் சுவரிலும் கடையிலும் 67 என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அது என்னம்மா?" என்று. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் உனக்கே தெரியும். இந்தப் பேச்சை எடுத்தால் நான் நிறுத்த மாட்டேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கடிதம் என்றால் பஸ்ஸில் போகும்போதாவது படிப்பாய்.

ஃபுட்பால் டீச்சர் வயிற்றில் கிரிக்கெட் பைத்தியம் பிறந்திருக்கிறது என்று தூத்தூர் முழுக்க நம்மைக் கேலி செய்தார்கள். சாயங்காலமானால் கடற்கரை மணலில் பிள்ளைகள் எல்லாம் பந்து உதைக்கும்போது நீ மட்டும் தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பாய். கடைசியில் பார், உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, நீ டென்னிஸ்டனில் போய் வாடகைக்கு அறை எடுத்திருக்கிறாய். செல்டிக் பார்க் அங்கிருந்து நடந்து போகிற தூரம். எனக்குக் கிடைக்காத பாக்கியம் உனக்குக் கிடைத்திருக்கிறது. உனக்கோ அதன் அருமை தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 67 என்பது 1967. அந்த வருஷம் மே 25 அன்று, போர்ச்சுகலில் லிஸ்பனுக்குப் பக்கத்து மைதானத்தில், செல்டிக் அணி இத்தாலியின் இன்டர் மிலானை 2-1 என்று தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. இப்போது சாம்பியன்ஸ் லீக் என்கிறார்களே, அதே போட்டிதான். 1956 முதல் 1966 வரை 11 தடவை அந்தக் கோப்பை கொடுக்கப்பட்டிருந்தது. பதினொன்றும் மூன்றே ஊர்களுக்குத்தான் போயின: மாட்ரிட், லிஸ்பன், மிலான். பிரிட்டனில் இருந்து ஒரு கிளப் ஃபைனலுக்குக்கூட வந்ததில்லை. அந்த வரிசையில் கிளாஸ்கோவின் கிழக்கு மூலையில் உள்ள ஒரு கிளப் நுழைந்தது. அதுவும் அந்தப் போட்டியில் ஆடிய முதல் வருஷத்திலேயே.

இந்தக் கதையை உன் வீட்டுக்காரரோ டாக்ஸி டிரைவரோ எப்படியும் சொல்லத்தான் போகிறார். சொல்லும்போது பதினோரு பெயரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்: சிம்சன், கிரெய்க், கெம்மல், மர்டாக், மெக்னீல், கிளார்க், ஜான்ஸ்டன், வாலஸ், சால்மர்ஸ், ஓல்ட், லெனக்ஸ். நம்ம ஊர்க் கோயிலில் பாட்டிமார் புனிதர்கள் பிரார்த்தனை சொல்வதுபோல ஒரே ராகத்தில் வரும். அதைக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா, ஒரு நாள், பதினோரு பேர்" என்று நினைத்துவிடாதே. அம்மா சொல்வதையும் கேள். அந்தக் கோப்பை லிஸ்பனில் ஜெயித்ததைவிட அதிகமாக மார்ச் 8 அன்று, நீ இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஜெயிக்கப்பட்டது. அந்த இரவில் முக்கியமான ஒரு காரியம் செய்தவர் இந்தப் பதினோரு பேரில் இல்லை.

முதலில் ஜாக் ஸ்டைனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்தான் மேனேஜர். லானர்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த மனிதர். அப்புறம் செல்டிக்கில் ஆடினார், கேப்டனாக இருந்தார், கணுக்கால் அடிபட்டு நிறுத்தினார். 1965 மார்ச்சில் மேனேஜராகத் திரும்பி வந்தார். செல்டிக் என்பது ஐரிஷ் கத்தோலிக்கர்கள் தொடங்கிய கிளப். பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடப் பணம் திரட்ட, வால்ஃப்ரிட் என்ற மரிஸ்ட் சபைத் துறவி 1887இல் ஆரம்பித்தது. அந்தக் கிளப்புக்கு கத்தோலிக்கர் அல்லாத முதல் மேனேஜர் ஸ்டைன். அவர் சேர்த்த அணியிலும் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். அந்தக் காலக் கிளாஸ்கோவில் இது சாதாரண விஷயம் இல்லை. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரேஞ்சர்ஸ் கிளப், தெரிந்தே ஒரு பெரிய கத்தோலிக்க ஆட்டக்காரரை எடுக்க 1989 வரை ஆனது.

ஸ்டைன் இன்னொன்றும் செய்திருந்தார். 1963இல், வேறொரு சின்னக் கிளப்பில் இருந்தபோதே, மிலானுக்குப் போய் இன்டர் எப்படிப் பயிற்சி எடுக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். அங்கே பயிற்சியாளர் எலேனியோ எரேரா. ஒரு கோல் போட்டுவிட்டுக் கதவை இழுத்துச் சாத்துகிற ஆட்டம் அவருடையது. டிஃபன்ஸுக்குப் பின்னால், தப்பி வருகிற பந்தைத் துடைத்தெடுக்க இன்னொரு ஆளை நிறுத்தி வைப்பார். நாலு வருஷம் கழித்து அதே எரேராவின் எதிரில் ஸ்டைன் உட்கார்ந்தார். பாடம் படிக்கப் போகிறவன் எல்லாம் வாத்தியார் மாதிரி ஆக வேண்டும் என்று இல்லை. எதைச் செய்யக்கூடாது என்று படித்துவிட்டும் வரலாம்.

அந்த சீசன் 1966 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது எல்லாம் லீக் சுற்று, குரூப் என்று எதுவும் இல்லை. சொந்த ஊரில் ஒரு ஆட்டம், எதிராளி ஊரில் ஒரு ஆட்டம், இரண்டின் கோலையும் கூட்டிப் பார்ப்பார்கள், தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் சுவிட்சர்லாந்தின் சூரிக். இங்கே 2-0, அங்கே 3-0. அடுத்தது பிரான்ஸின் நான்ட். அங்கே 3-1, இங்கே 3-1. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, சுலபமாக முடிந்தது.

இந்த நாலு ஆட்டத்தில் ஒரு பெயரைக் கவனித்துக்கொள்: ஜோ மெக்பிரைட். சூரிக்குக்கு எதிராகவும் கோல், நான்டுக்கு எதிராகவும் கோல். கிறிஸ்துமஸ் வருவதற்குள் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 35 கோல் போட்டிருந்தார். சீசனில் பாதிகூட முடியவில்லை, மக்களே. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அபர்டீனில் நடந்த ஆட்டத்தோடு முழங்கால் போய்விட்டது. அந்த சீசனில் அவர் திரும்ப ஆடவே இல்லை. எந்த ஒப்பிப்பிலும் அவர் பெயர் வராது. மே மாதம் அந்த அணி ஃபைனலில் ஓடியதை அவர் கோட்டுக்கு வெளியேயிருந்து பார்த்தார். 35 கோல்! என் டீமில் ஒரு பிள்ளை ஒரு டோர்னமென்டில் 5 கோல் போட்டாலே அவள் அம்மா என்னைத் தெருவில் நிறுத்திப் பேசுவாள்.

அந்த டிசம்பரிலேயே ஸ்டைன் எடின்பரோவின் ஹார்ட்ஸ் கிளப்பிலிருந்து வில்லி வாலஸை வாங்கியிருந்தார். மெக்பிரைட்டும் வாலஸும் சேர்ந்து ஆடட்டும் என்றுதான் வாங்கினார். ஒருவருக்குப் பதில் ஒருவர் என்று ஆகிவிட்டது. அந்தப் புகழ்பெற்ற பதினோரு பேரும் முதன்முதலில் ஒன்றாக ஒரு ஆட்டத்தில் இறங்கியதே 1967 ஜனவரியில்தான். ஊர் நினைப்பது மாதிரி சின்ன வயதிலிருந்து சேர்ந்தே ஆடிய கூட்டம் இல்லை அது. ஐந்து மாதத்துக்குள் ஐரோப்பாவை ஜெயித்தார்கள்.

ஆனால் அதற்கு நடுவில்தான் மார்ச் வருகிறது. காலிறுதியில் யூகோஸ்லாவியாவின் வொய்வொதினா. நோவி சாட் என்ற ஊர்க் கிளப், இன்றைக்கு அது செர்பியாவில் இருக்கிறது. பெரிய பெயர் இல்லாததால் யாரும் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் முந்தின சுற்றில் அட்லெடிகோ மாட்ரிட்டையே வெளியே தள்ளிவிட்டு வந்தவர்கள். அந்த சீசனில் நாங்கள் எதிர்த்து ஆடியதிலேயே சிறந்த அணி வொய்வொதினாதான் என்று செல்டிக் ஆட்டக்காரர்கள் பலர் பின்னால் சொன்னார்கள். வாலஸ் தாமதமாகச் சேர்ந்ததால் இந்தச் சுற்றில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. மெக்பிரைட்டும் இல்லை. கோல் போடுகிற இரண்டு பேர் இல்லாமல் போக வேண்டியதாயிற்று.

மார்ச் 1, நோவி சாட். கெம்மல் தன் பக்கத்து ஆளுக்குக் கொடுத்த பாஸ் சின்னதாகப் போய்விட்டது. எதிராளி நடுவில் பாய்ந்து எடுத்தான், கோல். 0-1. அந்த ஐரோப்பிய சீசனிலேயே செல்டிக் தோற்ற ஒரே ஆட்டம் அதுதான்.

மார்ச் 8, செல்டிக் பார்க். 75,000 பேர். நீ பார்த்த மைதானத்தை இப்போது 60,000 பேர் உட்காருகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்குப் பெரும்பாலும் நிற்கிற இடம். முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது பாதியில் கெம்மல் இடது பக்கமிருந்து ஒரு கிராஸ் அடித்தார். ஆமாம், அங்கே தப்புப் பண்ணிய அதே கெம்மல். வொய்வொதினா கோல்கீப்பர் கையில் பந்து நிற்கவில்லை. சால்மர்ஸ் தட்டிவிட்டார். 1-0. இப்போது மொத்தத்தில் 1-1. அந்தக் காலத்தில் எதிராளி ஊரில் போட்ட கோலுக்கு மதிப்புக் கூட என்ற விதி இந்தப் போட்டிக்கு வரவில்லை, பெனால்டி ஷூட்அவுட்டும் கிடையாது. சமன் ஆனால் பொதுவான ஒரு ஊரில் மூன்றாவது ஆட்டம். இரண்டு ஆள் குறைவாக, களைத்துப்போய், இன்னொரு தடவை அந்த அணியை எதிர்த்து ஆடுவதா? ஸ்டைன் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசி நிமிஷம். செல்டிக்குக்கு ஒரு கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து ஒரு உதை. உதைக்கப் போனவர் சார்லி கல்லகர். பெர்டி ஓல்ட் அன்றைக்கு ஆடாததால் இறங்கியவர் அவர். கோர்பல்ஸ் பகுதியில் வளர்ந்த ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை, அமைதியான ஆள், அதிகம் ஓட மாட்டார், ஆனால் பந்தை எங்கே போட வேண்டுமோ அங்கே போடுவார். அந்தப் பந்து எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும். கோல்கீப்பர் வெளியே வந்து பிடிக்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிற அந்த இடத்துக்குச் சரியாகப் போயிற்று. பில்லி மெக்னீல் பின்னாலிருந்து ஓடி வந்து, எல்லாரையும்விட ஒரு தலை உயரத்தில் எழும்பி முட்டினார். பந்து மேல்பக்க வலையில். திரும்ப ஆட்டம் தொடங்கக்கூட நேரம் இல்லாத அளவுக்கு எல்லாம் முடிந்தது.

என் பிள்ளைகளுக்கு நான் கார்னர் கற்றுக்கொடுக்கும்போது, முட்டுகிறவளைப் பார்க்காதே, உதைக்கிறவள் நிற்கிற விதத்தைப் பார் என்பேன். மெக்னீலுக்கு இப்போது செல்டிக் பார்க் வாசலில் சிலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். கல்லகருக்கு இல்லை. லிஸ்பனில் அவர் பதினோரு பேரிலும் இல்லை. நீ ஏழாம் வகுப்பில் ஸ்கூல் கிரிக்கெட் டீமில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டு போனதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாயே, கல்லகர் எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும் சொல்!

செமி ஃபைனல் செக்கோஸ்லோவாக்கியாவின் டுக்லா பிராக். ராணுவத்தின் கிளப். 1962இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய மசோபஸ்ட் அதில் இருந்தார். வாலஸ் இந்தச் சுற்றுக்கு வந்துவிட்டார். கிளாஸ்கோவில் 3-1, அதில் இரண்டு வாலஸ் போட்டது. அப்புறம் ஏப்ரல் 25, பிராக். இங்கே ஸ்டைன் தன் வாழ்க்கையில் செய்ய விரும்பாத ஒன்றைச் செய்தார். சால்மர்ஸ் ஒருவரை மட்டும் முன்னால் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். சால்மர்ஸ் தொண்ணூறு நிமிஷமும் தனியாக டுக்லா டிஃபன்ஸைத் துரத்திக்கொண்டு அலைந்தார். 0-0. ஃபைனலுக்குப் போயாயிற்று. இனிமேல் இப்படி ஆட மாட்டோம் என்று ஸ்டைன் சொன்னதாகச் சொல்வார்கள். அதாவது எரேராவின் ஆட்டத்தை எரேராவைச் சந்திப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டார். ரசிகர்கள் இந்த 0-0ஐ ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு ஸ்டைன் மேல் மரியாதை கூடியது இதனால்தான். ஆசைக்கு ஆடலாம், ஆனால் பிராக்கில் ஒரு இரவு ஆசையை மடித்துப் பைக்குள் வைக்கத்தான் வேண்டியிருந்தது.

சால்மர்ஸ் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு இருபது வயதில் காசநோய் மூளைக்காய்ச்சல் வந்தது. அந்தக் காலத்தில் அது வந்தவர்களில் பிழைத்தவர்கள் குறைவு. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்துதான் செல்டிக்கில் சேர்ந்தார்.

இதெல்லாம் போதாது என்று, இதற்கு நடுவிலேயே ஏப்ரல் 15 அன்று வெம்பிளியில் ஸ்காட்லாந்து 3-2 என்று இங்கிலாந்தைத் தோற்கடித்தது. இங்கிலாந்து அப்போது உலகச் சாம்பியன். அந்த ஸ்காட்லாந்து அணியில் செல்டிக்காரர்கள் நாலு பேர். அதில் கோல்கீப்பர் ரானி சிம்சனுக்கு நாட்டுக்காக முதல் ஆட்டம். வயசு 36! இந்த சிம்சனைத்தான் ஸ்டைன் ஹிப்ஸ் கிளப்பில் மேனேஜராக இருந்தபோது செல்டிக்குக்கு விற்றுவிட்டார். வயதாகிவிட்டது என்று நினைத்தார் போல. சில மாதத்தில் ஸ்டைனே செல்டிக்குக்கு வந்து சேர்ந்தார், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்? சிம்சன்! மற்ற ஆட்டக்காரர்கள் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம்.

லிஸ்பன் ஆட்டத்தை இப்போது யாரும் கறுப்பு வெள்ளையில் முழுசாகப் பார்க்கலாம். நானும் பார்த்தேன், அப்பா பக்கத்தில் தூங்கிவிட்டார். மைதானமே ஒரு தினுசு. சுற்றிலும் மரம், ஒரு பக்கம் பளிங்கு மேடை, சாயங்கால வெயில் சுளீர் என்று அடிக்கிறது. கிளாஸ்கோக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். பலர் காரிலேயே பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் தாண்டி வந்தவர்கள். உள்ளே இறங்கும் வழியில் இரண்டு அணியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, இன்டர் ஆட்கள் சினிமா நடிகர்கள் மாதிரி வெயிலில் காய்ந்த நிறத்தோடு, எண்ணெய் தேய்த்த தலையோடு நிற்கிறார்கள். இந்தப் பக்கம் வெளுத்த முகமும் பொய்ப் பல்லைக் கழற்றிய வாயுமாக ஸ்காட்லாந்துப் பிள்ளைகள். ஓல்ட் ஒரு கிளப் பாட்டை ஆரம்பித்தார், மற்றவர்களும் சேர்ந்து சத்தமாகப் பாடினார்கள். இத்தாலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழாவது நிமிஷம். வலது பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரர், ஜிம் கிரெய்க், இன்டரின் கப்பெல்லினி என்பவரைத் தள்ளிவிட்டார் என்று பெனால்டி. சான்ட்ரோ மட்சோலா அடித்தார், 1-0. மட்சோலாவுடைய அப்பாவும் பெரிய ஆட்டக்காரர். 1949இல் டொரினோ அணி மொத்தமும் செத்துப்போன விமான விபத்தில் போனவர். அப்போது இந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. இதை நினைத்தால் அந்தக் கோலுக்கு எனக்குக் கோபம் வருவதில்லை. கிரெய்க்குக்குத்தான் கடைசி வரை வரும். அது பெனால்டியே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நீ படிக்கிற அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தவர். படிப்பா விளையாட்டா என்று என்னோடு சண்டை போடுவாயே, இரண்டும் செய்த ஆள் உன் கல்லூரியிலேயே இருந்திருக்கிறார்.

ஒரு கோல் கிடைத்ததும் இன்டர் வழக்கம்போலக் கதவைச் சாத்தியது. அதற்கப்புறம் ஒரே பக்கத்து ஆட்டம். ஓல்ட் அடித்தது கம்பத்தில், கெம்மல் அடித்தது கம்பத்தில். கோல்கீப்பர் சார்த்தி எங்கிருந்தோ கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார். செல்டிக் முன்வரிசை ஆட்கள் பந்து இல்லாமலே பக்கவாட்டில் ஓடுவார்கள், அவர்களைப் பிடிக்கப் போட்ட இத்தாலிக்காரர்களும் கூடவே போக வேண்டியதுதான். நடுவில் காலி இடம் விழும். அந்த இடத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் வருவான்.

63ஆவது நிமிஷம். ஸ்டைன் போட்ட விதி என்னவென்றால், ஒரு பேக் மேலே போனால் இன்னொருவர் கீழே நிற்க வேண்டும். கிரெய்க் வலது பக்கம் பந்தோடு மேலே போய்விட்டார். கெம்மல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அவரும் ஓடி வந்து பந்தைக் கொடு என்று கத்தினார். கிரெய்க் காத்திருந்து, காத்திருந்து, பின்பக்கமாக உருட்டினார். கெம்மல் வந்த வேகத்தில் உதைத்தார். சார்த்திக்கு அசைய நேரம் இல்லை. பெனால்டி கொடுத்தவர் பாஸ் கொடுத்தார், விதியை மீறியவர் கோல் போட்டார். என் டீமில் யாராவது இப்படிச் செய்தால் கோலுக்குக் கை தட்டிவிட்டு அப்புறம் திட்டுவேன்.

84ஆவது நிமிஷம், மர்டாக் கோலுக்குக் குறுக்காக ஒரு அடி அடித்தார். வெளியே போயிருக்கும். சால்மர்ஸ் நடுவில் நின்று காலைக் காட்டினார், பந்து திசை மாறி உள்ளே போயிற்று. அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். இல்லவே இல்லை. பயிற்சியில் ஒரு பக்கத்திலிருந்து பின்னால் உருட்டி, வெளியே நிற்பவர் குறுக்காக அடிக்க, முன்வரிசை ஆள் திருப்பிவிடுவது என்று திரும்பத் திரும்பச் செய்த பாடம் அது என்று சால்மர்ஸே சொல்லியிருக்கிறார்.

விசில் ஊதியதும் கூட்டம் மைதானத்தில் பாய்ந்துவிட்டது. புல்லைப் பிடுங்குகிறார்கள், கோல் வலையை அறுக்கிறார்கள். கோல் வலைக்குள் சிம்சன் தன் தொப்பியை வைத்திருந்தார், அதற்குள் சில பேருடைய பொய்ப் பல் செட். சிம்சனும் லெனக்ஸும் கூட்டத்துக்குள் அந்தத் தொப்பியைத் தேடி ஓடினார்கள்! ஐரோப்பாவை ஜெயித்த நிமிஷத்தில் பல் செட்டுக்காக ஓடுவது. இந்தக் கூட்டத்தால் அணி முழுசாகக் கோப்பை வாங்கப் போக முடியவில்லை. மெக்னீலை மட்டும் பளிங்கு மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீ எல்லா இடத்திலும் பார்க்கிற அந்தப் படம், கோப்பையை ஒரு ஆள் தனியாகத் தூக்கி நிற்கிறாரே, அவர் தனியாக நிற்பதற்குக் காரணம் இதுதான். பதக்கங்கள் ராத்திரி விருந்தில் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தனவாம்.

மொத்தம் 9 ஆட்டம், 18 கோல் போட்டு 5 வாங்கினார்கள். அந்த வருஷம் இறங்கிய எல்லாப் போட்டியையும் ஜெயித்தார்கள்: லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை, கிளாஸ்கோ கோப்பை, இது. மைதானத்திலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள் எல்லாரும். கடலோரம் சால்ட்கோட்ஸில் பிறந்த லெனக்ஸ்தான் தூரத்து ஆள். நம்ம ஊருக்கும் நாகர்கோவிலுக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், மக்களே. அந்தப் பிள்ளைகள் ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு ஐரோப்பாவை ஜெயித்திருக்கிறார்கள். நீ ஒரு டிகிரிக்கு அவ்வளவு தூரம் போயிருக்கிறாய். அப்பாவிடம் இதைச் சொன்னால், "அவனும் ஒரு நாள் கோப்பையோடு வருவான், நீ சும்மா இரு" என்கிறார். எந்தக் கோப்பை என்று கேட்டால் பதில் இல்லை.

அடுத்த வருஷம் முதல் சுற்றிலேயே கீவ் அணியிடம் தோற்று வெளியே போனார்கள். 1970இல் திரும்ப ஃபைனலுக்கு வந்து ஃபெயனூர்டிடம் தோற்றார்கள். அந்தக் கோப்பை அப்புறம் கிளாஸ்கோவுக்கு வரவே இல்லை. ஸ்டைன் 1985இல் கார்டிஃபில், ஸ்காட்லாந்து அணியின் மேனேஜராக ஒரு ஆட்டம் முடிகிற நேரத்தில் மாரடைப்பில் போனார். மெக்னீலும் சால்மர்ஸும் 2019 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் இறந்தார்கள். இரண்டு பேருக்கும் கடைசிக் காலத்தில் மறதி நோய். எத்தனை பந்தைத் தலையால் முட்டியிருப்பார்கள்! அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் இப்போது ஸ்காட்லாந்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நானும் என் சின்னப் பிள்ளைகளுக்கு நிறுத்திவிட்டேன். பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் காற்று குறைத்த பந்தில்.

சரி, நீ செய்ய வேண்டியது. ஒரு சனிக்கிழமை ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்து செல்டிக் பார்க் போ. வாசலில் வால்ஃப்ரிட் துறவி, ஸ்டைன், ஜிம்மி ஜான்ஸ்டன், மெக்னீல் சிலைகள் இருக்கும். போட்டோ அனுப்பு, உன் முகமும் தெரிகிற மாதிரி. உள்ளே சுற்றிக் காட்டும் வயசான ஆள் யாராவது இருந்தால் லிஸ்பனைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்திருக்கும். வொய்வொதினா ஆட்டத்துக்குப் போயிருந்தீர்களா என்று கேள். அந்தக் கார்னர் எந்தப் பக்கமிருந்து, காற்று எப்படி இருந்தது, கல்லகர் எத்தனை அடி பின்னால் போய் ஓடி வந்தார், எல்லாம் கேட்டு எழுது. எனக்கு வேண்டும்.

அப்புறம், ஐப்ராக்ஸையும் பார்த்துவிட்டு வா. ரேஞ்சர்ஸ் மைதானம். 1967 மே 6 அன்று அங்கேதான் 2-2 என்று சமன் செய்து செல்டிக் லீக்கை உறுதி செய்தது, இரண்டு கோலும் ஜான்ஸ்டன். உன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஹில்ஹெட் ஸ்டேஷனில் சப்வே ஏறினால் நேராக அங்கே இறங்கலாம். ஆனால் அந்தப் பச்சை ஜாக்கெட்டை அறையில் கழற்றி வைத்துவிட்டுப் போ, பச்சை செல்டிக் நிறம். நான் சீரியஸாகச் சொல்கிறேன்.

மீன் ஊறுகாய் இரண்டு பாட்டில் தயார். யார் கையில் கொடுத்து அனுப்புவது என்று அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா